மிளகு சேராத மிளகு மணம்

சளி பிடித்து மூக்கு அடைத்திருக்கும் நாளில் மிளகு ரசம் குடித்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். தொண்டையில் காரம் வழக்கம்போல இறங்கும். கண்ணில் நீர்கூட வரும். ஆனால் ரசம் கொதிக்கும்போது வீடு முழுக்கப் பரவிய மணம் மட்டும் காணாமல் போயிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு குடித்தால், காரம் மிளகுடையதா மிளகாயுடையதா என்று அடித்துச் சொல்வதுகூடக் கஷ்டம். அப்படியானால் மிளகின் காரமும் மிளகின் மணமும் ஒரே பொருளிலிருந்து வருபவை அல்ல.

காரத்துக்குக் காரணமான பொருள் 1819-ஆம் ஆண்டிலேயே பிடிபட்டுவிட்டது. டென்மார்க்கின் ஹன்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட் அதைப் பிரித்தெடுத்தார். மின்சாரம் பாயும் கம்பி காந்த ஊசியைத் திருப்பும் என்று மறு ஆண்டில் காட்டிப் பெரும்புகழ் பெற்ற அதே ஓர்ஸ்டெட்தான். அந்தப் பொருளின் பெயர் பைப்பரின். ஆனால் மிளகை மிளகு என்று மூக்குக்கு அறிவிக்கும் மூலக்கூறு எது என்ற கேள்வி மேலும் ஏறத்தாழ 190 ஆண்டுகள் திறந்தே கிடந்தது. 2008-இல் அதற்கு விடை சொன்னவர்கள் மிளகைப் பற்றிக் கவலைப்பட்டவர்களே அல்லர். அவர்கள் ஒயின் ஆராய்ச்சியாளர்கள்.

அந்த விடை வடக்கு இத்தாலியின் சில சிற்றூர்களில் நெடுநாளாக இருந்த ஒரு புதிரையும் அவிழ்த்தது. பரோலோ, அமரோனே போன்ற அப்பகுதி ஒயின்களின் பெயர்களை உலகம் அறியும். அவற்றின் நிழலில் அதே நிலத்தில் வேறு பல சிவப்புத் திராட்சை ரகங்கள் வளர்கின்றன: வெஸ்பொலினா, ஸ்கியோப்பெட்டினோ, கிரின்யொலினோ, தெரோல்தெகோ, லக்ரைன், ஸ்கியாவா. இத்தாலிக்காரர்களிலேயே பலர் இவற்றில் பாதியைச் சுவைத்திருக்க மாட்டார்கள். இந்தப் பட்டியலின் முதல் இரண்டு ரகங்களில் செய்த ஒயினை மூக்கருகே கொண்டுபோனால், அப்போதுதான் இடித்த மிளகின் மணம் வருகிறது. ஒயினில் யாரும் மிளகைச் சேர்ப்பதில்லை. ஆல்ப்ஸ் அடிவாரத்துக் குளிரில் மிளகுக் கொடி தழைக்கவும் வழியில்லை.

பிறகு மணம் எங்கிருந்து வருகிறது?

சுவை எது, தொடுகை எது, மணம் எது

ஒரு வாய் சிவப்பு ஒயினில் மூன்று வேறு புலன்கள் வேலை செய்கின்றன. அவற்றைத் தனித்தனியே பிரித்துப் பார்த்தால்தான் புதிரின் இருப்பிடம் தெரியும்.

நாக்கு உணர்வது குறைவு. இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, இவற்றோடு உமாமி எனப்படும் ஐந்தாவது சுவை. சிவப்பு ஒயினில் நாக்குக்கு முக்கியமாக அகப்படுவது புளிப்பு. அது திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலம், மாலிக் அமிலம் போன்றவற்றால் வருவது. பியட்மாண்ட் பகுதியின் பார்பேரா ரகம் இதற்கு நல்ல சான்று. நிறம் அடர்த்தி, புளிப்பு தூக்கல், துவர்ப்பு குறைவு.

நமது அறுசுவைக் கணக்கில் துவர்ப்பும் கார்ப்பும் உண்டு. உடலியல் இவ்விரண்டையும் தொடு உணர்வின் பக்கம் சேர்க்கிறது. காரம் என்பது வெப்பத்தையும் வலியையும் அறிவிக்கும் நரம்பு முனைகள் தூண்டப்படுவது. மிளகாயின் காரத்தை எந்தப் புரதம் உணர்கிறது என்று 1997-இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசு பெற்றார். மிளகின் பைப்பரினும் அதே புரதத்தைத்தான் தூண்டுகிறது. மூக்கு அடைத்தாலும் ரசம் காரமாகவே இருப்பதற்கு இதுவே காரணம்.

துவர்ப்பின் கதை வேறு. திராட்சையின் தோலிலும் விதையிலும் டானின் என்ற பொருள் இருக்கிறது. எச்சிலில் உள்ள சில புரதங்கள் வாயை வழுவழுப்பாக வைத்திருக்கின்றன. டானின் அந்தப் புரதங்களைப் பற்றிக்கொண்டு திரளச் செய்துவிடுகிறது. வழுவழுப்பு குறைந்ததும் கன்னத்தின் உட்புறமும் நாக்கும் ஒன்றோடொன்று உரசுகின்றன. அந்த உரசலையே துவர்ப்பு என்கிறோம்.

இங்கே வடக்கு இத்தாலி ஒரு பொது நம்பிக்கையை உடைக்கிறது. ஒயின் எவ்வளவு கருஞ்சிவப்போ அவ்வளவு துவர்ப்பு என்று பலர் நினைப்பார்கள். அஸ்தி, காசாலே வட்டாரங்களில் விளையும் கிரின்யொலினோ ஒயின் வெளிறிய சிவப்பு. கண்ணாடிக் கோப்பைக்கு அப்பால் இருப்பது தெளிவாகத் தெரியும். ஆனால் வாயில் வைத்தால் துவர்ப்பு தூக்கியடிக்கும். அந்தப் பழத்தில் விதைகள் மிகுதி. நிறம் தருவது தோலில் உள்ள ஆந்தோசயனின் என்னும் நிறமி. துவர்ப்பு தருவது டானின். ஒன்று குறைவாகவும் மற்றது மிகுதியாகவும் இருக்கத் தடை எதுவுமில்லை.

மூன்றாவது புலன் மூக்கு. சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இதன் வேலை. கோப்பையை முகரும்போது மணம் முன்வாசல் வழியாக வருகிறது. ஒயினை விழுங்கும்போது வாயிலிருந்து எழும் ஆவி, தொண்டையின் பின்பக்க வழியாக ஏறி மூக்கின் உச்சியைத் தொடுகிறது. இதைப் ‘பின்வழி முகர்ச்சி’ எனலாம். மூளை இந்த இரண்டாவது வழியில் வந்த செய்தியை நாக்கின் செய்தியோடு சேர்த்து, வாயில்தான் எல்லாம் நடப்பதாக நம்மை நம்பவைக்கிறது.

வெஸ்பொலினா குடித்தவர்கள் மிளகு என்று சொன்னது காரத்தை அல்ல. அந்த ஒயினில் பைப்பரின் கிடையாது. அவர்கள் உணர்ந்தது மணத்தை மட்டும். ஆகவே தேட வேண்டியது ஆவியாகி மூக்கை எட்டக்கூடிய ஒரு பொருளை.

அடிலெய்டில் நடந்த தேடல்

தேடல் தொடங்கிய இடம் இத்தாலி அல்ல. ஆஸ்திரேலியாவில் அதிகம் பயிராகும் சிவப்புத் திராட்சை ஷிராஸ். பிரான்சில் சிரா என்று அழைக்கப்படும் அதே ரகம். சில குளிர்ந்த வட்டாரங்களின் ஷிராஸ் ஒயினில் மிளகு மணம் வருவதை அங்கே எல்லாரும் அறிவார்கள். அடிலெய்டில் உள்ள ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தினர் அதன் காரணத்தைத் தேடினார்கள்.

ஒயினில் ஆவியாகக்கூடிய பொருட்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. அவற்றைப் பிரிக்க உதவும் கருவியின் முறைக்கு கேஸ் குரோமட்டோகிராபி என்று பெயர். தமிழில் வாயு நிறப்பிரிகை. அதில் பல மீட்டர் நீளமுள்ள, மிக நுண்ணிய குழாய் ஒன்று சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். அதன் உட்சுவரில் ஒரு மெல்லிய பூச்சு. ஒரு முனையில் மாதிரியை ஆவியாக்கிச் செலுத்தி, ஹீலியம் போன்ற வாயுவால் தள்ளுவார்கள். பூச்சோடு அதிகம் ஒட்டும் பொருள் தாமதமாகவும், குறைவாக ஒட்டும் பொருள் சீக்கிரமாகவும் மறுமுனைக்கு வந்து சேரும். இப்படி ஒவ்வொன்றும் தனக்குரிய நிமிடத்தில் வெளிவருகிறது. வெளிவருவதை, மூலக்கூறுகளை எடையால் பிரித்தறியும் நிறைமானி என்ற கருவி அடையாளம் காண்கிறது.

கருவிக்கு ஒரு குறை உண்டு. எது எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும். எது மணக்கிறது என்று சொல்லாது. அதற்காகக் குழாயின் முனையை இரண்டாகப் பிரித்து, ஒன்றை நிறைமானிக்கும் மற்றொன்றை ஒரு மனிதரின் மூக்குக்கும் அனுப்புகிறார்கள். பயிற்சி பெற்ற ஒருவர் அங்கே உட்கார்ந்து, எந்த நிமிடத்தில் என்ன மணம் வந்தது என்று குறித்துக்கொண்டே இருப்பார். மிகவும் விலையுயர்ந்த கருவியின் கடைசி உறுப்பு மனித மூக்கு.

முதலில் கிடைத்தது குற்றவாளி அல்ல, ஒரு தடயம். மிளகு மணம் மிகுந்த திராட்சைகளில் ஆல்ஃபா யிலாஞ்சீன் என்ற பொருள் கூடுதலாக இருப்பதை 2007-இல் அந்த நிறுவனத்தினர் வெளியிட்டார்கள். மணம் கூடக் கூட அதன் அளவும் கூடியது. ஆனால் ஒயினில் அது இருக்கும் அளவுக்கு அதனால் மிளகு மணத்தைத் தர முடியவில்லை. உண்மையான காரணம் அதன் அருகே எங்கோ இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது.

அடுத்த ஆண்டு அது பிடிபட்டது. ரொட்டண்டோன் என்பது அதன் பெயர். செஸ்குவிடெர்ப்பீன் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. அதாவது 15 கார்பன் அணுக்களைச் சட்டகமாகக் கொண்ட, தாவரங்களில் பரவலாகக் காணப்படும் மூலக்கூறு வகை. இது புதிய பொருளும் அல்ல. 1967-இல் சுக் தேவ் உள்ளிட்ட இந்திய வேதியியலாளர்கள் இதைக் கோரைக்கிழங்கின் எண்ணெயில் கண்டறிந்திருந்தார்கள். வயலில் களையாக வந்து விவசாயியைத் திணறடிக்கும், நாட்டு மருந்துக் கடையில் நலங்கு மாவுக்காக வாங்கும் அதே கோரைக்கிழங்குதான். அதன் அறிவியல் பெயர் சைப்பரஸ் ரொட்டண்டஸ் என்பதால் மூலக்கூறுக்கும் அந்தப் பெயர் வந்தது. பிறகு நாற்பது ஆண்டுகள் அது யாரும் பொருட்படுத்தாத ஒரு பதிவாகவே கிடந்தது.

ரொட்டண்டோன்தான் காரணம் என்று எப்படி உறுதி செய்தார்கள்? ஒரு சான்று போதாது. முதலில், மூக்கருகே வைத்த குழாய் முனையில் மிளகு மணம் எழுந்த நேரமும் ரொட்டண்டோன் வெளிவரும் நேரமும் ஒத்துப்போயின. இரண்டாவதாக, பல திராட்சை, ஒயின் மாதிரிகளை ஒரு குழு முகர்ந்து மிளகு மணத்துக்கு மதிப்பெண் இட்டது. அந்த மதிப்பெண்ணும் கருவி அளந்த ரொட்டண்டோன் அளவும் கைகோத்து ஏறி இறங்கின. மூன்றாவதாக, தூய ரொட்டண்டோனைத் தண்ணீரிலும் ஒயினிலும் கலந்து, எந்த அளவில் மூக்கு அதை உணரத் தொடங்குகிறது என்று சோதித்தார்கள்.

இவ்வளவு சிறிய அளவை அளப்பதற்கே தனி உத்தி வேண்டியிருந்தது. ரொட்டண்டோனில் உள்ள சில ஹைட்ரஜன் அணுக்களுக்குப் பதிலாக அதைவிடக் கனமான டியூட்டீரியத்தை வைத்து ஒரு கனமான ரொட்டண்டோனைச் செய்தார்கள். அதைத் தெரிந்த அளவில் ஒயினில் சேர்த்துவிட்டால், பிரித்தெடுக்கும்போது ஏற்படும் இழப்பு இரண்டுக்கும் ஒரே விகிதத்தில் நடக்கும். கடைசியில் நிறைமானி இரண்டையும் எடையால் வேறுபடுத்திக் காட்டும். சேர்த்த அளவு தெரியும் என்பதால் இயற்கையில் இருந்த அளவும் கணக்கில் வந்துவிடும்.

பிறகு மிளகைச் சோதித்தார்கள். கருமிளகிலும் வெண்மிளகிலும், மிளகு மணம் மிகுந்த ஒயினில் இருப்பதைவிடச் சுமார் 10,000 மடங்கு ரொட்டண்டோன் இருந்தது. தனித்து முகர்ந்தாலே மிளகு என்று சொல்லவைக்கும் மணப்பொருள் மிளகில் அதுவரை ஒன்றும் கண்டறியப்பட்டிருக்கவில்லை. துளசி இனம், ரோஸ்மேரி, தைம், ஆரிகானோ போன்ற மூலிகைகளிலும் அது இருப்பது தெரிந்தது. ரோமானியர் காலத்தில் இத்தாலிய ஒயின் ஜாடிகள் இந்தியக் கரைக்கு வந்ததற்கு அரிக்கமேட்டிலும் கேரளத்தின் பட்டணம் என்ற ஊரிலும் கிடைத்த ஓடுகள் சாட்சி. அந்தக் கப்பல்கள் திரும்பும்போது ஏற்றிச் சென்ற முக்கியச் சரக்கு மிளகு. அப்படி இரண்டாயிரம் ஆண்டுகள் உலகெங்கும் விலைபோன ஒரு சரக்கின் அடையாள மணம், 21-ஆம் நூற்றாண்டில், ஒயின் வழியாகத்தான் தெரியவந்தது.

வீராணத்தில் முந்நூற்றுச் சொச்சம் கிராம்

ரொட்டண்டோனைக் கண்டறிய ஏன் இவ்வளவு காலம்? அதன் வலிமையே அதை ஒளித்து வைத்திருந்தது. ஒரு மணப்பொருளை ஒரு குழுவினர் உணரத் தொடங்கும் மிகக் குறைந்த செறிவை ‘முகர் வரம்பு’ என்று வைத்துக்கொள்வோம். ரொட்டண்டோனுக்கு அது தண்ணீரில் லிட்டருக்கு 8 நானோகிராம். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு.

இந்த எண்ணை மனத்தில் வாங்கிக்கொள்ள வீராணம் ஏரியை எடுத்துக்கொள்ளலாம். அதன் முழுக் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. லிட்டரில் ஏறத்தாழ 4,150 கோடி. நிரம்பிய வீராணத்தில் சுமார் 330 கிராம் ரொட்டண்டோனைச் சீராகக் கரைத்துவிட்டால், எந்தக் கரையில் ஒரு குவளை தண்ணீர் மொண்டாலும் அதில் மூக்கு மிளகை உணரும் எல்லைக்கு வந்துவிடும்.

சிவப்பு ஒயினில் வேறு மணங்களும் சாராயமும் போட்டிக்கு நிற்பதால் முகர் வரம்பு இரட்டிப்பாகி, லிட்டருக்கு 16 நானோகிராம் ஆகிறது. அப்போதும் அது மிகச் சொற்பம். கருவியின் வரைபடத்தில் மற்ற பொருட்கள் மலையாக எழும்போது இது சிறு மேடாகக்கூடத் தெரியாது. மூக்குக்குத் தெரிந்தது கருவிக்குத் தெரியவில்லை.

சான் மிக்கேலேயில் அடுத்த கட்டம்

வடக்கு இத்தாலியில் திரெந்தினோ பகுதியில், ஆதிஜே ஆற்றங்கரையில் சான் மிக்கேலே அல் ஆதிஜே என்ற ஊர் இருக்கிறது. அந்தப் பகுதி ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசின் கீழ் இருந்தபோது, 1874-இல் அங்கே ஒரு வேளாண் கல்விக்கூடம் தொடங்கப்பட்டது. முதல் இயக்குநர் எட்மண்ட் மாக். இன்று அவர் பெயரால் இயங்கும் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஃபுல்வியோ மத்தீவியின் குழு, அடிலெய்டின் கண்டுபிடிப்பை இத்தாலிய ரகங்கள்மீது பொருத்திப் பார்த்தது.

மாதிரியின் மேலுள்ள ஆவியில் ஒரு மெல்லிய இழையை வைத்து மணப்பொருட்களைப் பிடித்து, அந்த இழையை நேரே கருவிக்குள் சூடாக்கும் முறையை அவர்கள் பயன்படுத்தினார்கள். முகர் வரம்புக்கும் கீழே உள்ள அளவுகளை இதனால் அளக்க முடிந்தது. 2011-இல் வெளியான முடிவுகளில் மூன்று ரகங்கள் தனித்து நின்றன: சிவப்பில் ஸ்கியோப்பெட்டினோ, வெஸ்பொலினா, வெள்ளையில் ஆஸ்திரியாவில் பெருமளவு பயிராகும் குரூனர் வெல்ட்லினர். மூன்றிலும் ரொட்டண்டோன் கணிசமாக இருந்தது. உள்ளூர்க்காரர்கள் மிளகு என்று சொல்லிவந்தது பேச்சு அலங்காரம் அல்ல என்பது எண்ணாக நிரூபணமானது.

அதே குழு வெஸ்பொலினாவை இரண்டு பருவங்கள் தொடர்ந்து கவனித்தது. ரொட்டண்டோன் பழத்தின் சாற்றில் அதிகம் இல்லை. பெரும்பாலும் தோலில் இருக்கிறது. காய் பச்சையிலிருந்து நிறம் திரும்பும் பருவத்தில் தொடங்கி அறுவடை வரை தோலில் சேர்ந்துகொண்டே போகிறது. நொதிக்கும்போது திராட்சையிலிருந்த ரொட்டண்டோனில் சுமார் 10 சதவீதம் மட்டுமே ஒயினுக்குள் இறங்குகிறது. புட்டியில் அடைக்கும்போது மிஞ்சுவது 6 சதவீதம். மீதமுள்ளதில் பெரும்பகுதி பிழிந்து எறியும் தோலோடு போய்விடுகிறது. இவ்வளவு இழந்த பிறகும் கோப்பையில் மிளகு மணக்கிறது என்றால், தோலில் எவ்வளவு இருந்திருக்க வேண்டும்!

சிவப்பு ஒயின் செய்யும்போது தோலும் சாறும் பல நாட்கள் ஒன்றாகக் கிடக்கின்றன. நிறமும் துவர்ப்பும் ஒயினில் இறங்குவதும் அதனால்தான். தோலை எவ்வளவு காலம் ஊறவிடுவது என்ற ஒயின்காரரின் முடிவில் மிளகின் அளவும் ஓரளவு அடங்கியிருக்கிறது.

நிழலில் ஊறும் மணம்

திராட்சை இதை எப்படிச் செய்கிறது? தோலில் முதலில் ஆல்ஃபா குவாயீன் என்ற மூலக்கூறு உருவாகிறது. அதில் ஓர் ஆக்ஸிஜன் அணு குறிப்பிட்ட இடத்தில் சேர்ந்தால் ரொட்டண்டோன். அந்த ஆக்ஸிஜனைச் சேர்க்கும் நொதியை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2016-இல் சிரா ரகத்தில் அடையாளம் கண்டார்கள். ஆல்ஃபா குவாயீன் காற்றில் பட்டாலும் அதில் ஒரு பகுதி ரொட்டண்டோன் ஆவதை ஆஸ்திரேலியர்கள் காட்டியிருக்கிறார்கள்.

எல்லா ஆண்டும் எல்லாத் தோட்டமும் ஒரே அளவு தருவதில்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஒரே ஷிராஸ் தோட்டத்துக்குள் இடத்துக்கு இடம் அளவு பன்மடங்கு மாறியது. ஒரே குலையில்கூட, வெயில் படாத பக்கத்துப் பழங்களில் ரொட்டண்டோன் கூடுதல். குலையின் மேற்பரப்பு 25 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகும் நேரம் கூடக் கூட அளவு குறைந்தது. தென்மேற்குப் பிரான்சின் துராஸ் ரகத்தில் குலையைச் சுற்றியுள்ள இலைகளைக் கிள்ளியபோதும் அளவு சரிந்தது.

இப்போது வரைபடத்தைப் பார்த்தால் பொருத்தம் புரியும். ஸ்கியோப்பெட்டினோவின் தாயகமான பிரெபொட்டோ, இத்தாலியின் வடகிழக்கு மூலையில் ஃப்ரியூலி பகுதியில், ஸ்லோவேனிய எல்லையோரம் யூத்ரியோ ஆற்றின் பள்ளத்தாக்கில் இருக்கிறது. வெஸ்பொலினா விளைவது வடமேற்கில், மோன்தே ரோசா மலைத்தொடரின் அடிவாரத்தில் உள்ள கட்டினாரா, கெம்மே, போக்கா ஊர்களைச் சுற்றி. இரண்டும் மலைக்காற்று இறங்கும் இடங்கள். அதே ரகத்தை வெப்பமான சமவெளியில் நட்டு அதே மணத்தை எதிர்பார்க்க முடியாது.

ஐந்தில் ஒருவருக்கு எட்டாத மணம்

2008-ஆம் ஆண்டு ஆய்வில் ஒயின் உலகம் அதிகம் பேசிய முடிவு வேறு. சோதனையில் பங்கேற்றவர்களில் சுமார் 20 சதவீதத்தினருக்கு ரொட்டண்டோன் தெரியவே இல்லை. வெறும் தண்ணீரில் லிட்டருக்கு 4,000 நானோகிராம், அதாவது முகர் வரம்பைப்போல் 500 மடங்கு கலந்து கொடுத்தபோதும் அவர்கள் தண்ணீர் என்றே சொன்னார்கள். அவர்களின் மூக்கில் பழுது ஏதும் இல்லை. மற்ற மணங்கள் அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

இதைக் ‘குறித்த மணமறியாமை’ எனலாம். மனிதருக்கு ஏறத்தாழ 400 வகை மண ஏற்பிப் புரதங்கள் இருக்கின்றன. அவற்றின் மரபணுக்களைக் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவருக்கும் 2004-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த மரபணுக்களில் ஆளுக்கு ஆள் சிறு வேறுபாடுகள் உண்டு. ஊதாப்பூ மணத்தைத் தரும் பீட்டா அயோனோன் என்ற பொருளை ஒருவர் உணர்வதும் உணராததும் பெரும்பாலும் ஒரே ஏற்பி மரபணுவைப் பொறுத்தது என்று 2013-இல் தெரியவந்தது. பீட்டா அயோனோன் சிவப்பு ஒயின்களிலும் இருக்கிறது.

ஒரே மேசையில், ஒரே புட்டி வெஸ்பொலினாவைக் குடித்துவிட்டு, “மிளகு தூக்கலாக இருக்கிறது” என்று ஒருவரும், “செர்ரிப் பழம் மட்டும்தான் தெரிகிறது” என்று மற்றவரும் சொன்னால், யாரும் பாசாங்கு செய்யவில்லை. ஒயின் விமர்சனம் முழுக்கக் கற்பனை என்று கேலி செய்கிறவர்களும், என் மூக்கே அளவுகோல் என்கிற விமர்சகர்களும் இந்த 20 சதவீதத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

குடும்ப மரம் சொல்வது

மிளகு மணம் ஒரே குடும்பத்துச் சொத்தா? திராட்சைகளின் உறவுமுறையை மரபணுவால் கண்டறிய முடியும். டிஎன்ஏவில் சிறு துணுக்குகள் திரும்பத் திரும்ப வரும் இடங்கள் உண்டு. ஒவ்வோர் இடத்திலும் ஒரு கொடிக்கு இரண்டு வடிவங்கள். ஒன்று தாயிடமிருந்து, மற்றது தந்தையிடமிருந்து. பல இடங்களை ஒப்பிட்டால் பெற்றோர் யார், பிள்ளை யார் என்று தெரிந்துவிடும். இந்த முறையில், சிராவின் பெற்றோர் பிரான்சின் துரேசா, மோந்தூஸ் பிளாஞ்ச் என்ற இரண்டு எளிய ரகங்கள் என்று 1990-களின் இறுதியில் தெரிந்தது.

2006-இல் ஜோசே வூய்யாமோஸ், சான் மிக்கேலேயின் ஸ்டெல்லா கிராண்டோ என்ற ஆய்வாளர்கள் இருவரும் இன்னோர் உறவைக் காட்டினார்கள். திரெந்தினோவின் சரளைச் சமவெளியில் விளையும் தெரோல்தெகோ, சிராவின் தந்தையான துரேசாவுக்கு உடன்பிறப்பு. தெரோல்தெகோவின் பிள்ளை லக்ரைன். நம் உறவுமுறையில் சொன்னால் தெரோல்தெகோ சிராவுக்குப் பெரியப்பா அல்லது சித்தப்பா; லக்ரைன் அண்ணன் தம்பி முறை. பரோலோவின் மூலமான நெபியோலோவுக்கும் வெஸ்பொலினாவுக்கும் பெற்றோர்–பிள்ளை உறவு இருப்பதும் மரபணுவால் தெரிந்ததுதான்.

ஆனால் நெபியோலோ ரோஜாவுக்கும் தாருக்கும் பெயர் பெற்ற ரகம், மிளகுக்கு அல்ல. வெஸ்பொலினா மட்டும் மிளகு மணக்கிறது. வெள்ளைத் திராட்சையான குரூனர் வெல்ட்லினரிலும் அதே மணம். அதனால் பிரபலமான ஒரு ரகத்தை ஆராய்ந்துவிட்டு, அதன் உறவுக்காரர்கள் எப்படி இருப்பார்கள் என்று ஊகிக்க முடியாது. ஒவ்வொன்றையும் தனியே சோதிக்க வேண்டும். அதற்கு அந்த ரகம் முதலில் உயிரோடு இருக்க வேண்டும்.

ஸ்கியோப்பெட்டினோ ஏறக்குறைய அழிந்துபோயிருந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த ஃபில்லாக்ஸெரா என்ற வேர்ப்பேன் 1879-இல் இத்தாலியில் கண்டறியப்பட்டது. அது அழித்த தோட்டங்களை மீண்டும் நட்டபோது, பல ஊர்களில் மெர்லோ போன்ற அயல் ரகங்கள் இடம்பிடித்தன. அனுமதிக்கப்பட்ட ரகங்களின் பட்டியலில்கூட ஸ்கியோப்பெட்டினோ இல்லாமல் போயிற்று. 1970-களின் தொடக்கத்தில் பாவொலோ ரப்பூட்ஸி, தீனா ரப்பூட்ஸி தம்பதியர் சியால்லா பள்ளத்தாக்கில் நிலம் வாங்கி, சுற்றுவட்டாரத்தில் தேடியபோது மிஞ்சியிருந்த கொடிகள் நூறுகூட இல்லை. அவற்றிலிருந்து ஒட்டுக் கட்டித் தோட்டம் போட்டார்கள். சட்டப்படி அனுமதி இல்லாத ரகத்தை நட்ட அவர்களுக்கு, ஃப்ரியூலியின் நோனினோ குடும்பம் நிறுவிய பரிசு 1976-இல் வழங்கப்பட்டது. அனுமதி பின்னால் வந்தது.

அந்தக் கொடிகள் அப்போதே வெட்டப்பட்டிருந்தால், 2011-ஆம் ஆண்டு ஆய்வின் பட்டியலில் ஒரு பெயர் குறைந்திருக்கும். குறைந்தது என்பதும் யாருக்கும் தெரிந்திருக்காது.

சோதித்துப் பார்க்க

ஐரோப்பாவில் வாழும், அல்லது அங்கே போகும் வாசகர்களில் ஒயின் அருந்துபவர்கள் இதைத் தாங்களே சோதிக்கலாம். புட்டியில் ‘ஸ்கியோப்பெட்டினோ தி பிரெபொட்டோ’ என்றோ, ‘கொல்லினே நொவரேசி’ அல்லது ‘கோஸ்தே தெல்லா சேசியா’ என்ற வட்டாரப் பெயரோடு வெஸ்பொலினா என்றோ இருக்க வேண்டும். ஒப்பிட ஒரு தெரோல்தெகோ போதும்.

முதலில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு வாய் எடுத்தால் புளிப்பும் துவர்ப்பும் மட்டும் தெரியும். வாயில் வைத்தபடியே மூக்கை விட்டால் பின்வழி முகர்ச்சி தொடங்கும். மிளகு இருந்தால் அப்போது வரும். அடுத்தது ஆய்வுக்கூடங்கள் கையாளும் முக்கோணச் சோதனை. மூன்று கோப்பைகளில் இரண்டில் ஓர் ஒயினும் ஒன்றில் வேறொன்றும் ஊற்றி, கண்ணைக் கட்டிக்கொண்டு, தனித்து நிற்பது எது என்று முகர்ந்து சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்ல மூன்றில் ஒரு வாய்ப்பு இருப்பதால், ஒருமுறை சரியாகச் சொன்னதை வெற்றியாகக் கொள்ளக் கூடாது. கோப்பைகளை மாற்றி வைத்துப் பலமுறை செய்ய வேண்டும். தனித்து நிற்பதைச் சரியாகச் சொன்னவரிடம் எந்தக் கோப்பையில் மிளகு என்றும் கேட்க வேண்டும். இரண்டு ஒயினுக்கும் வேறு வேறுபாடுகளும் உண்டு என்பதால் இந்தக் கேள்வி அவசியம். ஒருவர் தனியாக உட்கார்ந்து மிளகு இல்லை என்று தீர்ப்பு எழுதிவிடவும் கூடாது. நான்கைந்து பேரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.